ரெஜினா வராத காலை

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வீட்டார் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று பங்குத் தந்தை சொன்னார். "நானே பேசுறேன், ஃபாதர்" என்றார் அலெக்சாண்டர். அவரைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போதுதான் என்ன பேசுவது என்று யோசித்தார்.

இறந்தது அவர் மனைவி ரெஜினா. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள்.

அலெக்சாண்டர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலம் போடுகிற, கண்ணிவெடி எடுக்கிற படைப்பிரிவு. அவர் எல்லையில் இருந்த வருடங்களில் ரெஜினா பெங்களூரில், அல்சூர் ஏரிப் பக்கம் குடும்பங்களுக்கென்று இருந்த குவார்ட்டர்ஸில், மகளோடு இருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை லீவு. லீவில் வருகிறவருக்கு வீடு எப்போதும் நன்றாகவே இருக்கும். திரைச்சீலை துவைத்துப் போட்டிருக்கும். கறி வாங்கியிருப்பாள். எப்படி இருக்கே என்றால் நல்லா இருக்கேன் என்பாள். அவரும் அதற்கு மேல் கேட்டதில்லை. லிங்கராஜபுரத்தில் வீடு கட்டி ஒன்றாகக் குடிவந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதில் பாதி நாள் கொத்தனாரோடும் கார்ப்பரேஷன் தண்ணீரோடும் போயிற்று.

"ரெஜினா நல்ல மனைவி, நல்ல தாய்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பார்த்தார்.

மகள் ஷர்லி எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பி.காம் படிக்கிறாள். "எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க, டாடி. ஓஸ்வால்ட் அங்கிள் அவர் வைஃபுக்கு இதையேதான் சொன்னார். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல பேசிக்காமலே இருந்தவங்க."

"அப்ப மம்மி நல்லவ இல்லையா?"

"நான் அப்படிச் சொன்னேனா? நீங்க பார்த்ததைச் சொல்லுங்கன்னு சொல்றேன்."

அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இல்லேன்னா குவார்ட்டர்ஸ் ஆன்ட்டிங்களைக் கேளுங்க. மம்மி நம்ம வீட்டைவிட அவங்க வீட்டுலதான் அதிகம் இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு ஷர்லி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அது அவருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். மேலே எல்லையில் யாராவது இறந்தால் செய்தி முதலில் இங்கே படைப்பிரிவின் தலைமை இடமான சென்டருக்கு வரும். ஓர் அதிகாரியும் ஒரு சுபேதாரும் ஜீப்பில் அந்த வீட்டுக்குப் போவார்கள். கூட ஒரு பெண்ணும் போக வேண்டும், அந்த வீட்டுக்காரி விழுந்தால் பிடிப்பதற்கு. இலங்கைக்குப் படை போன காலத்திலிருந்து அந்தப் பெண் ரெஜினாதான். அதிகாரி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். வாயைத் திறந்து சொல்வது அவள். பெரிய அதிகாரி ஒருவர் இதற்காக அவளை எல்லார் முன்னாலும் பாராட்டியதாக அவர் காதுக்கு வந்திருந்தது. அதைப் பேசலாம் என்று முடிவு செய்தார்.

கார்கில் சண்டையில் அந்த குவார்ட்டர்ஸ் ஒருவரை இழந்தது. நாயக் நோயல். அவன் மனைவி செலின் இப்போது காக்ஸ் டவுனில் இருக்கிறாள், ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. ரெஜினாவின் அடக்கத்துக்கு அவள் வரவில்லை. சேதி எட்டியிருக்காது என்று நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போனார்.

செலின் உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். "சாப்" என்றாள். குவார்ட்டர்ஸ் பெண்கள் சுபேதார்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அடக்கத்துக்கு வேணும்னுதான் வரலை, சாப். முப்பதாம் நாளுக்கும் வரமாட்டேன். உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லை."

"ரெஜினா மேலயா?"

"சண்டை ஆரம்பிச்சதும் அக்கா தினமும் காலைல ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவாங்களே, அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"சும்மாதான். கறிவேப்பிலை இருக்கான்னு கேப்பாங்க. பால்காரன் வந்தானான்னு கேப்பாங்க. எல்லா வீடும். ஒருநாள் ஏன்க்கான்னு கேட்டேன். நான் வந்தாலே எல்லாருக்கும் பகீர்னு இருக்கு, தினம் வந்தா பழகிடும்லன்னாங்க. என்னைக்காவது நெஜமா வரும்போது, நான் வாயைத் திறக்கிற வரைக்குமாவது நிம்மதியா இருப்பீங்கன்னாங்க."

அலெக்சாண்டருக்கு நெஞ்சு நிறைந்தது. இதைத்தான் பேச வேண்டும் என்று தோன்றியது. "பழகிச்சா?" என்று கேட்டார்.

"கதவு தட்டுற சத்தம் கேட்டா நான் அடுப்பை அணைச்சுட்டுத்தான் போவேன், சாப். விழுந்துட்டா பிள்ளை இருக்கே, தீப்பிடிக்கக் கூடாதேன்னு. தினமும். அவங்க ரெண்டு கொத்து கறிவேப்பிலை வாங்கிட்டுப் போவாங்க. நான் திரும்ப அடுப்பைப் பத்தவெச்சுட்டு நின்னு அழுவேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் குடிக்கவில்லை.

"ஒருநாள் காலைல அவங்க வரலை. அடுத்த நாளும் வரலை. அப்பாடான்னு இருந்துச்சு. அந்த ரெண்டு நாள்தான் நான் சண்டைக்கு நடுவுல நல்லாத் தூங்கினேன். தலைக்குக் குளிச்சேன். பிள்ளையைக் கூட்டிட்டு கமர்ஷியல் ஸ்ட்ரீட் போய் வளையல் வாங்கினேன். அதுக்கு அடுத்த நாள் ஜீப்புல வந்து இறங்கினாங்க." செலின் டம்ளரைப் பார்த்தாள். "முன்னாடியே தெரிஞ்சிருக்கு அவங்களுக்கு. என் மூஞ்சியப் பார்க்க முடியாம வராம இருந்திருக்காங்க. அவர் அங்க செத்துக் கிடக்கார், நான் இங்க வளையலுக்கு பேரம் பேசுறேன். அதை அவங்க பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க."

"சேதி வந்த அன்னைக்கே வீட்டுல சொல்லிடுவாங்கம்மா. அதுதான் முறை."

"நீங்க மேல இருந்தீங்க, சாப். கீழ என்ன முறைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் எழுந்தார். பூசை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஜூலையில் சில பெயர்கள் முதலில் 'காணவில்லை' என்றுதான் கீழே போயின. உடல் கிடைத்த பிறகுதான் உறுதி செய்தார்கள். நோயல் வேறு கம்பெனி. அவன் பெயர் எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியாது. சென்டரில் யாராவது ரெஜினாவிடம் காதோடு காதாகச் சொல்லி, வெளியே விடாதீங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். அப்படியென்றால் கோயிலில் அவர் எழுந்து நின்று பேசப்போவதற்கு என்ன அர்த்தம்? அந்த குவார்ட்டர்ஸ் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷர்லியிடம் கேட்டார். "மம்மி காலைல வீடு வீடாப் போறதை ஏன் நிறுத்தினா?"

ஷர்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நிறுத்தினது எனக்கு நல்லதாப் போச்சு. அன்னைக்கு அவங்களே எனக்குத் தலை பின்னி விட்டாங்க."

"ஏன் நிறுத்தினான்னு கேட்டேன்."

"முந்தின நாள் சுலோச்சனா ஆன்ட்டி நம்ம வீட்டுக்கு வந்தாங்க."

"வந்து?"

"அவங்களையே போய்க் கேளுங்க, டாடி."

சுலோச்சனா ஹவில்தார் இளங்கோவனின் மனைவி. இளங்கோவன் ஓய்வு பெற்றபின் பீன்யாவில் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டியாக இருந்தான். வீடும் அங்கேயே, இரண்டு தெரு தள்ளி. அலெக்சாண்டரைப் பார்த்ததும் விறைத்து சல்யூட் வைத்தான்.

"அங்க பீரங்கிக்குக் காவல் நின்னேன், சாப். இங்க போல்ட்டு நட்டுக்கு. இதைத்தான் அதிகமாத் திருடுறாங்க."

"போய்ச் சேரு, ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று சுலோச்சனா அவனைத் துரத்தினாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

அலெக்சாண்டர் செலின் சொன்னதைச் சொன்னார். சுலோச்சனா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா எல்லார் வீட்டுக்கும் சேதியோட போவாங்க. அவங்க வீட்டுக்கு யார் போறது? அதை அக்கா ஒருநாள் என்கிட்டச் சொன்னாங்க. எங்க வீட்டுக்கு சேதி வந்தா யார் வேணா கூட வரட்டும், கதவைத் தட்டுறது நீயா இருக்கணும், சுலோச்சனா. வேற எதுக்கும் நீ எங்க மாடிப்படி ஏறாதே. பேசணும்னா கீழ நின்னு கூப்பிடு, நான் இறங்கி வர்றேன்னாங்க."

"ஏன் உங்களை?"

"நான் அழமாட்டேன்னுதான். எங்கம்மா செத்தப்பவே நான் அழலை. திருப்பத்தூர்ல என் அண்ணிமாருங்க இன்னும் அதைச் சொல்லித்தான் என்னைத் திட்டுறாங்க."

"அப்புறம்?"

"மறந்துட்டேன், சாப்." அவள் முந்தானையை விட்டாள். "அக்கா வீட்டு குக்கர் எங்க வீட்டுல இருந்துச்சு. சாயங்காலம் என் பையன் ஒரு பக்கம் கத்துறான், குழாயில தண்ணி நின்னுடப்போகுது, இதைக் குடுத்துட்டு ஓடணும்னு அவசரம். படியேறி தட்டிட்டேன். அக்கா திறந்தாங்க. கையைப் பார்க்கலை. என் மூஞ்சியத்தான் பார்த்தாங்க. எனக்குப் பின்னாடி யாராவது நிக்கிறாங்களான்னு பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, 'பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும்'னாங்க."

வெளியே எங்கோ ஒரு லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பத்தான் எனக்கு உறைச்சுது நான் என்ன பண்ணிட்டேன்னு. வாய் வரலை, சாப். உள்ள ஷர்லி உட்கார்ந்து தோசை தின்னுது. நாங்க ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறோம். அக்கா கதவைப் பிடிச்சுக்கிட்டு பிள்ளையைப் பார்க்கிறாங்க. எவ்வளவு நேரம்னு தெரியலை. ஒருவழியா குக்கரைத் தூக்கிக் காட்டினேன்."

"என்ன சொன்னா?"

"வாங்கிக்கிட்டாங்க. மூடியில ரப்பர் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குக்கான்னேன். கதவைச் சாத்திக்கிட்டாங்க."

அலெக்சாண்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த நாள் காலைல அக்கா யார் வீட்டுக்கும் போகலை. அதுக்கு அப்புறம் போகவே இல்லை. எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லலை. எனக்குத் தெரியும். தட்டினா எப்படி இருக்கும்னு அவங்களுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"நோயல் சேதி?"

"அது பிறகு வந்துச்சு. ஜீப் வந்து நின்னப்ப அக்கா என் கூடத்தான் குழாயடியில நின்னாங்க. அந்த ஆபீசர் பேரைச் சொன்னதும் குடத்தைக் கீழ போட்டாங்க. முன்னாடியே தெரிஞ்சவங்க அப்படிப் போடமாட்டாங்க."

"செலின்கிட்ட இதை ஏன் சொல்லலை?"

"சொன்னா நான் பண்ணின வேலையையும் சொல்லணுமே, சாப். அந்தப் பொண்ணு மனசுல இப்படி ஒண்ணு இருக்கும்னும் எனக்குத் தெரியாது." எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தாள். "அவகிட்டச் சொல்லுங்க. கோயில்ல மட்டும் என் பேரை இழுக்காதீங்க."

யஷ்வந்த்பூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் லீவில் வந்தது நினைவுக்கு வந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார், ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. கதவைத் தட்டினார். திறந்த ரெஜினா அவரைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று கேட்கிறாள் என நினைத்து அவர் சிரித்தார். "நான் மட்டும்தான்" என்றார். அவள் உள்ளே போய் அரிசி களைந்தாள். வெகுநேரம் களைந்தாள். அவர் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு டிவி பார்த்தார்.

வீட்டில் ஷர்லி கேட்டாள். "சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எனக்கும் அப்பவே தெரியும், டாடி. சுலோச்சனா ஆன்ட்டி படியேறி வந்தா என்ன அர்த்தம்னு மம்மி எனக்கும் சொல்லி வெச்சிருந்தாங்க. நீ பயந்துடக் கூடாதுன்னு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தட்டுல ஒரு தோசைதான் இருந்துச்சு. சின்னச் சின்னதா பிய்ச்சுத் தின்னேன். அது முடிஞ்சா மம்மி பேசிடுவாங்கன்னு."

அவர் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு கவிழ்த்திருந்த மற்ற டம்ளர்களையும் எடுத்துக் கழுவினார்.

"இதைக் கோயில்ல சொல்லாதீங்க" என்றாள் ஷர்லி. "இது எனக்கும் மம்மிக்கும்."

"சொல்லமாட்டேன்."

பூசை சனிக்கிழமை சாயங்காலம். அன்று காலையில் காக்ஸ் டவுனுக்குப் போனார். செலின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாளிக்கும் சத்தம் கேட்டது. தட்டக் கை தூக்கியவர் அப்படியே இறக்கிக்கொண்டார். படியிறங்கித் தெருவுக்கு வந்து கேட்டுக்கு வெளியே நின்று, "செலின், நான் அலெக்சாண்டர். ஒண்ணுமில்லை, பேசணும்" என்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டு கோவிந்தப்பா ஸ்கூட்டரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "ஏனு சார், பெல் கெட்டுஹோகிதியா?" என்று கன்னடத்தில் கேட்டார். பெல் ஒழுங்காகத்தான் இருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினார்.

செலின் கரண்டியோடு வெளியே வந்தாள். உள்ளே கூப்பிட்டாள். அவர் போகவில்லை. கேட்டருகிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். தோசையைச் சொல்லவில்லை. பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்று மட்டும் சொன்னார். சுலோச்சனாவின் பேரைச் சொன்னார்.

செலின் கரண்டியைத் தாழ்த்தினாள்.

"குக்கரா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாதும்மா."

"நாலு வருஷம், சாப். திட்டாத நாள் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு அவங்க நோயலுக்குப் பூ வெக்க வந்தாங்க. அந்தப் பூவை எடுத்து வெளியே போட்டேன். அவங்க பார்த்துக்கிட்டுதான் நின்னாங்க." கரண்டியை மற்றொரு கைக்கு மாற்றினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இனிமே வரமாட்டேன், இதனாலதான்னு. எங்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா?"

"சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லலை?"

"தெரியலை. என்கிட்டயும் சொன்னதில்லை."

"எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போனா ஆச்சா? அடுப்பை அணைச்சது நான் மட்டுமா?" செலின் உள்ளே திரும்பினாள். "கருகுது, சாப். போயிட்டு வாங்க."

சாயங்காலம் பூசை முடிந்து கோயில் ஹாலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் இடது பக்கம் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். சுலோச்சனா நடுவில். இளங்கோவன் ஆண்கள் பக்கம் விறைப்பாக இருந்தான். செலினைக் காணவில்லை. பங்குத் தந்தை தலையசைத்தார். அலெக்சாண்டர் மைக் முன்னால் போய் நின்றார்.

"ரெஜினா எனக்கு நல்ல மனைவி" என்றார். மைக் கீச்சிட்டது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சிரில் ஓடிவந்து அதைத் திருகிவிட்டுப் போனார்.

"நான் மேல இருந்தப்ப அவ இங்க என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாது. இந்த மாசம்தான் தெரிஞ்சுது. சண்டை நேரத்துல உங்க வீட்டுக் கதவை எல்லாம் தினமும் தட்டினா. உங்க பயம் போகணும்னு தட்டினா. போகலை. சிலருக்கு அது தினமும் ஒரு சாவு மாதிரி இருந்திருக்கு. அவளுக்கு அது தெரியலை. ஒருநாள் அவ வீட்டுக் கதவை ஒருத்தர் தட்டினாங்க, வேற எதுக்கோ. அப்பத்தான் தெரிஞ்சுது. அதோட நிறுத்திட்டா. யாரைப் பத்தியும் முன்கூட்டியே எதுவும் தெரிஞ்சு நிறுத்தலை. ஏன் நிறுத்தினேன்னு உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். சொல்லலை. அவளுக்குப் பதிலா நான் இப்பச் சொல்றேன்."

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று யோசித்தார். ஒன்றும் வரவில்லை. "அவ்வளவுதான்" என்று சொல்லி இறங்கினார்.

கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பங்குத் தந்தை அவசரமாக ஒரு ஜெபம் சொன்னார். வலது பக்கத்தில் உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்தவளைப் பற்றி இப்படியா பேசுவது என்று அவருடைய அண்ணன் காதுபடவே சொன்னார். சுலோச்சனா தலையைக் குனிந்து புடவையில் இல்லாத நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு எழுந்தபோது ஒரு பெண் அவரிடம் வந்தாள். நடுவயதுக்காரி, நெற்றியில் குங்குமம். "கோடி வீட்டு ஜெயலக்ஷ்மி, சாப். உங்களுக்கு என்னைத் தெரியாது" என்றாள். "நீங்க சொன்னது எல்லாருக்கும் இல்லை. எனக்குப் பிள்ளை கிடையாது, அவரும் காஷ்மீர்ல. அக்கா வர நேரத்துக்கு நான் காபி கலந்து வெச்சிருப்பேன். அவங்க வர்றது நின்னப்புறம் கொஞ்ச நாள் ரெண்டு டம்ளர்லதான் ஊத்தினேன்."

அவர் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். இதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் தோளுக்கு அப்பால், வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் செலின் நின்றிருந்தாள். எப்போது வந்தாள், அவர் பேச்சை எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. அவர் பக்கம் அவள் பார்க்கவில்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். சாதம் பரிமாறிக்கொண்டிருந்தது ஷர்லி. செலினின் முறை வந்தபோது ஷர்லி ஒரு கணம் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு போட்டாள்.

"போதுமா, ஆன்ட்டி?"

"இன்னும் கொஞ்சம் போடு" என்றாள் செலின். "காலைல வெச்சது கருகிப்போச்சு."